நரசிம்மலு போட்ட வளையம்

உடுமலைப்பேட்டையில் தேங்காய் மண்டிக்காரர்கள் நாலு காசு சேர்ந்தால் கல்யாண மண்டபம் கட்டுவார்கள். வெங்கடபதி பள்ளிக்கூடம் கட்டினார். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, மண்டபத்தில் சாப்பாடாவது போடுவார்கள் என்பது செவ்வந்தியின் கருத்து. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் அவளுக்குக் கம்ப்யூட்டர் டீச்சர் வேலை.

அவள் அம்மா சின்னாத்தாள் தோப்புத் தோப்பாகத் தேங்காய் பொறுக்கிப் போட்டு மகளைக் கோயமுத்தூரில் டிப்ளமோ படிக்க வைத்தவள். படிப்பு முடிந்ததும் பீளமேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் செவ்வந்தி இரண்டு வருஷம் வேலை பார்த்தாள். மில் ஆபீசுகளிலும் கல்லூரிகளிலும் மேஜைக்கு அடியில் ஊர்ந்து போய், கம்ப்யூட்டர்களைக் கேபிளால் இணைக்கிற வேலை. முதலாளிக்குத் துபாயில் வேலை கிடைத்ததும் கம்பெனியை மூடிவிட்டான். தொண்ணூற்றாறு ஜூனில் ஊர் திரும்பியவளை வெங்கடபதி கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்.

"இப்போதைக்கு டெம்ப்ரவரிங்க அம்மணி. பிப்ரவரியில பிளஸ் டூ மொத பேட்சு ப்ராக்டிகல் நல்லபடியா முடியட்டும். பர்மனென்ட் ஆர்டர் அடிச்சுக் கையில குடுத்துப்போடறேன்."

அந்த ஒரு தாளுக்காகத்தான் எல்லாமே. சின்னாத்தாளுக்கு முட்டி தேய்ந்துபோய்விட்டது. ஆர்டர் வந்த மறுநாளே அவளைத் தோப்பு வேலையிலிருந்து நிறுத்திவிடுவதென்று மகள் முடிவு செய்திருந்தாள்.

பன்னிரண்டு கம்ப்யூட்டர், ஒரு சர்வர். செவ்வந்தி தன் கையாலேயே இணைத்தாள். அந்தக் காலத்து வழக்கப்படி ஒரே கேபிள், சர்வரில் தொடங்கி ஒவ்வொரு கம்ப்யூட்டராகத் தொட்டுக்கொண்டு மூன்று சுவர் ஓரமாகப் போகும். கேபிளின் இரண்டு கடைசியிலும் பெருவிரல் நுனி அளவுக்கு ஒரு மூடி. டெர்மினேட்டர் என்று பெயர். பார்த்தால் ஒன்றுக்கும் உதவாத சாமான் போலத்தான் இருக்கும். அதைக் கழற்றினால் பன்னிரண்டும் ஒரே நேரத்தில் படுத்துக்கொள்ளும். தனித்தனியாக ஓட அவற்றில் டிஸ்க் கிடையாது. சர்வரிலிருந்து வந்தால்தான் உயிர்.

இயந்திரம் வந்து சேர்ந்ததோ இல்லையோ, அறை கோயிலாகிவிட்டது. செருப்பு வெளியே. ஒவ்வொன்றுக்கும் வெல்வெட்டில் உறை. அட்மிஷன் நாளில் பெற்றோர்களைக் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நிறுத்திக் காட்டுவார்கள். சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டதையும் செவ்வந்தி பார்த்தாள். திறப்பு விழாவன்று வெங்கடபதி மவுஸைக் கையில் தூக்கித் திரைக்கு நேராக நீட்டி அமுக்கினார். கூட்டம் கை தட்டியது. கற்பூர வாசனை தெரியாத கழுதைகள் என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லிக்கொள்வதில் அவளுக்கு ஒரு சுகம் இருந்தது. மரியாதை குறையாமல் "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே இளக்காரம் செய்வது அவளுக்குத் தினப்படி வழக்கமாகிவிட்டது.

பொங்கல் லீவில் வாஸ்து நரசிம்மலு வந்தார். மண்டியில் கல்லாப்பெட்டியை இவர் தென்மேற்குக்கு மாற்றச் சொன்ன வருஷம் தேங்காய் விலை ஏறியதாம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். அதிலிருந்து வெங்கடபதி இவரைக் கேட்காமல் ஜன்னல்கூடத் திறப்பதில்லை. நரசிம்மலு அறையைச் சுற்றிப் பார்த்தார், கேபிளின் வழியே விரலை ஓட்டிக்கொண்டு போனார், தெற்குச் சுவரில் அது முடிகிற இடத்தில் நின்று உச்சுக்கொட்டினார்.

லீவு முடிந்து வந்த செவ்வந்திக்குப் பன்னிரண்டு கறுப்புத் திரைகள் காத்திருந்தன. கேபிளின் இரண்டு கடைசிகளும் இன்னொரு துண்டுக் கேபிளால் சேர்க்கப்பட்டிருந்தன. அந்தத் துண்டு வாசல் நிலைக்கு மேலே போனது, அதில் மாவிலை வேறு கட்டியிருந்தார்கள். அட்டெண்டர் மாசாணம் சட்டைப் பையிலிருந்து இரண்டு மூடிகளை எடுத்து நீட்டினார்.

"வீசச் சொல்லிப்போட்டாங்க கண்ணு. எனக்கு மனசு வரலீங்க."

அவள் மூடிகளை வாங்கிக்கொண்டு நேராக வெங்கடபதியின் அறைக்குப் போனாள். நரசிம்மலுவும் அங்கேதான் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"வித்தை தெக்குல போயி முட்டிக்கிட்டு நின்னுச்சுங்க அம்மணி," என்றார் அவர். "யமன் திசையில வாயடைச்சு மூடி போட்டா பசங்க எப்படிப் பாஸாகும்? இப்பப் பிரதட்சிணமாட்டம் சுத்தி வந்துரும்."

"இது சுத்தறதுக்கில்லீங்க. ரெண்டு முனையிலயும் அடைச்சாத்தானுங்க ஓடும். வளையமாப் போட்டா ஓடவே ஓடாதுங்க."

வெங்கடபதி தம்ளரைக் கீழே வைத்தார். "ஏனுங்க, அவரு சாஸ்திரம் தெரிஞ்சவரு. வளையம் வளையமாத்தான் இருக்கோணும். ஓட வைக்கிறது உங்க வேலை. ப்ராக்டிகலுக்கு ஓடலைன்னா அதுக்கு நீங்கதான் பதில் சொல்லோணும்."

அறைக்குத் திரும்பியபோது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வெளித் தேர்வாளர் வர மூன்று வாரம் இருந்தது. இருபத்துநான்கு பிள்ளைகள். எதிர்த்து நின்றால் ஆர்டர் போகும்; சும்மா இருந்தால் ப்ராக்டிகலும் போகும், ஆர்டரும் போகும். முட்டாள்களோடு வாதாடுவானேன் என்று தோன்றியது. கதவைச் சாத்திக்கொண்டு, வளையத் துண்டின் இரண்டு பக்கத்தையும் கழற்றினாள். டெர்மினேட்டர்களைப் பழையபடி மாட்டி, சுவரில் கேபிள் ஓடும் பிளாஸ்டிக் பட்டைக்குள் தள்ளினாள். கழற்றிய துண்டின் நுனிகளையும் அதற்குள்ளேயே செருகி மூடினாள். வெளியிலிருந்து பார்த்தால் வளையம் முழுசாகச் சுற்றி வந்தது. மாவிலைக்கு மேலே இருந்த கேபிளில் ஒன்றுமே போகவில்லை. சுவிட்சைப் போட்டாள். பன்னிரண்டும் எழுந்தன.

வெங்கடபதி வந்து பார்த்தார். முகமெல்லாம் பல்.

"ஓடாதுன்னீங்களே அம்மணி?"

"ஓடுதுங்க சார்."

"வளையம் போட்டாத்தான் ஓடுதுன்னு ஒத்துக்கறீங்களா?"

"ஆமாங்க சார்," என்றாள் செவ்வந்தி. அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடந்து போகும்போது வழியெல்லாம் சிரித்துக்கொண்டு போனாள். அம்மாவிடம் சொன்னபோது சின்னாத்தாள் மட்டும் சிரிக்கவில்லை. "உம் வேலைய நீயே ஒளிச்சு வெச்சுட்டு வந்திருக்கறயா?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அந்தக் கேள்வியையும் மகள் படிக்காதவள் பேச்சு என்று தள்ளிவிட்டாள்.

ப்ராக்டிகல் பிரமாதமாக முடிந்தது. தாலூக்காவிலேயே இப்படி ஒரு லேப் இல்லை என்று தேர்வாளர் எழுதிவைத்துவிட்டுப் போனார். மார்ச்சில் ஆண்டு விழா. மேடையில் நரசிம்மலுவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வாஸ்துவும் விஞ்ஞானமும் கைகோத்த கதையை வெங்கடபதி அரைமணி நேரம் பேசினார். செவ்வந்தி மைக்குக்குக் கரண்ட் கட்டாகாமல் பார்த்துக்கொள்ளும் வேலையில் மேடைக்குப் பின்னால் நின்றாள். ஆர்டர் வரட்டும், இந்தக் கோமாளிக் கூத்தை வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சிரிக்கலாம் என்றிருந்தாள்.

ஏப்ரல் கடைசியில் வெங்கடபதி கூப்பிட்டனுப்பினார்.

"ஒண்ணும் தப்பா நெனைக்காதீங்க அம்மணி. பாடத்தைக் கணக்கு டீச்சரே புக்கைப் பாத்து எடுத்துக்கறேங்கறாங்க. மிசினுக்குன்னு ஒரு ஆளு வேணும்னுதான் உங்களைப் போட்டது. வளையம் போட்டதிலிருந்து ஒரு நாளாச்சும் நின்னுச்சுங்களா? இனி அதுக்குத் தனியா ஒரு ஆளு எதுக்குங்க?"

"சார், அந்த வளையத்துல ஒண்ணும் ஓடலீங்க. நாந்தானுங்க கழட்டிட்டுப் பழைய மூடியவே மாட்டி ஒளிச்சு வெச்சேன். வாங்க, பட்டையத் திறந்து காட்டறேன்."

"வளையத்துல யாரும் கை வெக்கக் கூடாதுங்க. நரசிம்மலு சொல்லியிருக்காரு." அவர் கோபப்படவில்லை. பரிதாபமாகத்தான் பார்த்தார். "வேலை போகுதுன்னு இப்பிடியெல்லாம் சொல்லலாமுங்களா? வளையத்துலதான் ஓடுதுன்னு அன்னைக்கு உங்க வாயாலதானே சொன்னீங்க?"

அவர் பொய் சொல்லியிருந்தால்கூட எதிர்த்துக் கத்தியிருப்பாள். அவர் சொன்னது நிஜம். வெளியே வந்து, கண்ணாடி ஜன்னல் பக்கம் திரும்பாமல் செருப்பை மாட்டினாள். முட்டாள்களை ஏமாற்றிவிட்டோம் என்று மூன்று மாதம் தனக்குள் சிரித்தவளுக்கு, அந்தப் பள்ளிக்கூடத்திலேயே அடிமுட்டாள் யார் என்று அப்போது தெரிந்தது. மறுநாள் காலை சின்னாத்தாள் வழக்கம்போல ஆறு மணிக்குத் தோப்புக்குக் கிளம்பினாள். மகள் எழுந்திருக்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.