இலை படம் போட்ட டப்பா

பியூட்டி பார்லர் வைத்திருப்பவளுக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு: நாள் முழுக்க எதிரே கண்ணாடி இருப்பதால், பொய் சொல்லும்போது முகம் எப்படிப் போகிறது என்று நாமே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். நூலும் சீப்புமாகக் கால் கடுக்க நிற்கும் அக்காமார்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

என் கடை ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பக்கத்தில். பின்னறையில் என் தம்பி சேகர் தங்கியிருக்கிறான். கஞ்சா வைத்திருந்து பிடிபட்டு, சிறைக்குப் போய், போன வருஷம்தான் வெளியே வந்தான். இன்னமும் மாதாமாதம் போய்ச் சிறுநீர் சோதனை கொடுத்து வருகிறான். மறுபடி ஏதாவது சிக்கல் என்றால் திரும்ப உள்ளேதான். கடைக்கு வருகிறவர்களிடம் அந்தக் காலமெல்லாம் அவன் தெற்கே ஜொகூரில் வேலை செய்தான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவனைப் பின்வாசல் வழியாகத்தான் வந்து போகச் சொல்லியிருக்கிறேன். வெட்கம்தான், வேறென்ன.

ஹாட்யாய் பரிசு

நம் ஊர்க்காரர்களுக்கு நாலு நாள் லீவு சேர்ந்தாற்போல் கிடைத்தால் பார்டர் தாண்டி ஹாட்யாய் போய்விடுவார்கள். திரும்பும்போது பார்லர்காரிக்கும் ஏதாவது வரும். முன்பெல்லாம் புளி மிட்டாய், தலைவலித் தைலம். கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் தேவி அக்கா இந்தத் தடவை உதட்டுக்குப் போடும் கிரீம் கொண்டு வந்தார். உள்ளங்கையில் அடங்கும் டப்பா. மூடியில் விரல் விரலாகப் பிரிந்த ஒரு பச்சை இலை.

எந்த இலை என்று எனக்குத் தெரியாதா? கோர்ட்டில் அந்த இலையின் பெயரைக் கேட்டுக் கேட்டு அழுதவள் நான். இருந்தாலும் அப்பாவி மாதிரி, "மரவள்ளி இலையாக்கா?" என்றேன். தேவி அக்கா சிரித்த சிரிப்பில் கழுத்தில் கட்டியிருந்த துண்டே அவிழ்ந்துவிட்டது. "மரவள்ளியா? கஞ்சா லா, மோகனா. விதையில எடுத்த எண்ணெய், ஒண்ணும் செய்யாது. அங்க இதுக்குத் தடையில்ல, சோப்பு, ஷாம்பூ, மஸ்காரா, எல்லாத்துலயும் இதான் இப்ப ஃபேஷன்."

அரைப் புருவம்

அதோடு விட்டதா? இன்னொரு நாள் ரஹ்மத் அக்காவுக்குப் புருவம் எடுத்துக்கொண்டிருந்தேன். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் அவருடைய வீட்டுக்காரருக்கு மசாலாக் கடை. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத மனுஷி. அப்போது ஒரு காலேஜ் பெண் போனைத் தூக்கிப் பிடித்தபடி உள்ளே வந்து, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஆண்ட்டி, கஞ்சா எண்ணெய் ஃபேஷியல் இருக்கா? பருவுக்கு நல்லதாம்" என்றாள்.

சேகர் பின்னறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தட்டில் கை அளையும் சத்தம் நின்றது எனக்குக் கேட்டது. என் பல்லில் இருந்த நூல் எங்கேயோ இழுத்தது. ரஹ்மத் அக்காவின் இடது புருவத்தில் பாதியைக் காணோம். அந்த இலைக்காக என் தம்பி இளமையைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். இவள் அதைப் பருவுக்குக் கேட்கிறாள். கோபம் வந்தது. அவனுக்குக் கேட்டிருக்குமே என்று கூச்சம் அதைவிட அதிகமாக வந்தது. ரஹ்மத் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. "புருவம் போனா வளந்துரும். அந்தப் பிள்ளை என்னமோ கேட்டுச்சே, அத மறுபடி சொல்லச் சொல்லு."

ஒளித்து வைத்த இடம்

தேவி அக்கா கொடுத்த டப்பாவை என்ன செய்வது? தூக்கிப் போட்டால் அடுத்த தடவை "போட்டுப் பாத்தியா?" என்று தேடுவார். குப்பையில் போடலாம் என்றால் கடைக் குப்பையை அள்ளிப் போடுகிறவனே சேகர். அவன் கண்ணில் படக் கூடாது என்று மணப்பெண் அலங்காரப் பெட்டியின் அடியில், சவுரி முடிக்குக் கீழே செருகி வைத்தேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கடலுக்கு அந்தப் பக்கம் கெப்பாலா பத்தாஸில் ஒரு கல்யாணம், பெண்ணுக்கு அலங்காரம் நான்தான். விடியற்காலையில் சேகர்தான் காரை ஓட்டினான். பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் போலீஸ் ரோட் பிளாக். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார்கள். அவனுடைய பழைய விவகாரம் தெரிந்ததும் இறங்கச் சொல்லிவிட்டார்கள். வண்டியைத் துழாவி, பெட்டியைத் திறந்து, சவுரி முடியைத் தூக்கினால் டப்பா. அவனிடமிருந்து மறைக்கப்போய், அவனுக்கு எதிராகவே கொண்டு வந்து வைத்திருக்கிறேன்.

"என்னோடது" என்றேன். அதே மூச்சில் சேகரும், "என்னோடது சார்" என்றான். அந்த டப்பாவை அவன் அதுவரை பார்த்ததே இல்லை. அதிகாரி என் பட்டுப் புடவையையும் மல்லிகைப் பூவையும் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். கிளினிக் அக்கா, பரிசு, ஹாட்யாய் என்று நான் என்னென்னவோ உளறினேன். அதிகாரி அதட்டவில்லை, மலாயில் தன்மையாகத்தான் சொன்னார். "தம்பியக் காப்பாத்தப் பாக்குறீங்க அக்கா. யாரோட பொருள்னு முகத்தப் பாத்தாலே தெரியுது."

மணப்பெண்

சேகர் அவர்கள் வண்டியில் ஏறும் முன், "பொண்ணு காத்துக்கிட்டிருக்கும், நீ போக்கா" என்றான். நானும் போனேன். முகூர்த்தம் நமக்காக நிற்காது என்பது உங்களுக்கும் தெரியும். ஆனால் அந்தக் காரை ஓட்டிக்கொண்டு போன வெட்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

அந்தப் பெண்ணுக்கு மை தீட்டினேன். வலது கண் ஒரு மாதிரி, இடது கண் ஒரு மாதிரி. அழித்து அழித்துப் போட்டேன். அவள் கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் மெதுவாகக் கேட்டாள். "அக்கா, இன்னிக்கு நான்தானே அழணும்? நீங்க ஏன் அழுறீங்க?"

ஜொகூர்

அன்றைக்கு எடுத்த சிறுநீர் சோதனையில் ஒன்றும் இல்லை. டப்பாவை மட்டும் வைத்துக்கொண்டு சாயங்காலம் அவனை விட்டுவிட்டார்கள். இனி என்ன கேட்பார்களோ, அடுத்த மாதச் சோதனைக்குப் போகும்போதுதான் தெரியும்.

மறுநாள் தேவி அக்கா நாற்காலியில் உட்கார்ந்ததும் "நான் குடுத்தது எங்க?" என்று கேட்டார். அரைப் புருவத்தைப் பென்சிலால் நிரப்பிக்கொள்ள ரஹ்மத் அக்காவும் வந்திருந்தார். கண்ணாடியில் என் முகம் பொய்க்குத் தயாராவதைப் பார்த்தேன். எனக்கே அருவருப்பாக இருந்தது. சிறை, இலை, ரோட் பிளாக் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தேவி அக்கா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் பின்னறைப் பக்கம் திரும்பி, "சேகர், முன்னாடி வா" என்று கூப்பிட்டேன்.

வந்து நின்றான். ரஹ்மத் அக்காதான் ஆரம்பித்தார்: "அப்ப அந்த ஜொகூர் வேலை, தம்பி?" சேகர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னான். "அது எங்கக்கா வாங்கிக் குடுத்த வேலை அக்கா. சம்பளம்தான் இன்னும் வரல."

ஊரார் முகத்தில் ஒரு பூனைமுடிகூட விடாமல் எடுக்கத் தெரிந்த எனக்கு, சொந்தத் தம்பியை முன்வாசல் வழியாக வரச் சொல்ல மட்டும் ஒரு ரோட் பிளாக் தேவைப்பட்டது.