கீழாநெல்லியும் நான் மறைத்த மாத்திரையும்

இதை எழுத எனக்குப் பல வருஷம் ஆனது. பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன். இரண்டு பெண் பிள்ளைகளைக் கட்டிக் கொடுக்க வேண்டிய வீடு... ஊர் என்ன பேசும்? இப்போது இருவருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. ஆனாலும் தயக்கம் போகவில்லை. போன வாரம்தான் போனது.

கோலா சிலாங்கூர் மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். முன்பு என்னோடு செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்த முனியாண்டி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். இப்போது சபாக்கில் இருக்கிறார்.

"அண்ணே, உங்களுக்கு வந்த அதே ஹெபடைட்டிஸ் பி எனக்கும். நீங்க கீழாநெல்லி குடிச்சே சுகமாயிட்டீங்களாமே! நானும் ஆஸ்பத்திரி மாத்திரைய நிப்பாட்டிட்டேன் லா. ரெண்டு மாசமாச்சு."

வாங்கிய மீனைக் கீழே வைத்துவிட்டேன். ஏன் தெரியுமா? அன்று காலையும் அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் நான் வீட்டைவிட்டுக் கிளம்பினேன்!

செம்பனைத் தோட்டத்தில் குடியிருந்த காலம் அது. கோயிலில் ரத்த தானம் செய்யப் போய்த்தான் ஈரலில் கிருமி இருப்பது தெரிந்தது. கண்ணில் மஞ்சள் இல்லை, வலியும் இல்லை. "இத முழுசா போக்க இன்னும் மருந்து வரல. அடக்கி வைக்க மாத்திரை இருக்கு. தினமும் போடணும்" என்றார் டாக்டர்.

என் மனைவி சரசு அதோடு விடுவாளா? மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு ஒரு மண்டலம் விரதம் இருந்தாள். விடிந்ததும் செம்பனை மரங்களுக்கு நடுவே குனிந்து குனிந்து கீழாநெல்லி பறிப்பாள். முந்தானை பனியில் நனைந்திருக்கும். அரைத்து, ஆட்டுப்பாலில் கலக்கி நீட்டுவாள்.

"மூக்கப் பிடிச்சுக்கிட்டு குடிங்க. மூஞ்சியச் சுளிச்சா அம்மனுக்குக் கோவம் வரும்!"

எனக்குப் பதிலாகச் சின்ன மகள் முகத்தைச் சுளிப்பாள். வீடே சிரிக்கும்... அந்தக் காலைப் பொழுதுகளை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

மாத்திரையையும் விடாமல் போட்டு வந்தேன். அடுத்த பரிசோதனையில் கிருமி நன்றாக அடங்கியிருந்தது. கோயிலில் எல்லாரும் கேட்டார்கள். "அம்மன் அருள், கீழாநெல்லி" என்றேன். மாத்திரையைச் சொல்லவில்லை. சொன்னால் நோய் இன்னும் இருக்கிறது என்றாகிவிடுமே? யாராவது மாத்திரையைப் பார்த்துவிட்டால், பிரஷருக்கு என்று சமாளித்தேன்.

மார்க்கெட்டிலிருந்து வந்து சரசுவிடம் சொன்னேன்.

"மறைச்சது நீங்க. நீங்களே போயி சொல்லுங்க. அம்மன் மேல பழியப் போடாதீங்க லா."

மறுநாள் முனியாண்டியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். வாசலிலேயே என் மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, அண்ணே..."

அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனேன்.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கிருமி மறுபடி தலைதூக்கியிருந்தது. ஈரல் வீங்கத் தொடங்கியிருந்தது. நல்ல வேளை, இப்போதாவது வந்தீர்களே என்றார் டாக்டர். மாத்திரையை மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள். முனியாண்டிக்காகத் தினமும் விளக்கேற்றுகிறேன்.

அம்மன் அருளில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த டாக்டரையும் அவள்தான் எனக்குக் காட்டியிருக்கிறாள் — அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.

இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். கூட்டாமல், குறைக்காமல் சொல்லுங்கள். முக்கியமாக, அந்த மாத்திரையை விட்டுவிடாதீர்கள்!