மூன்று தரம் உள்ளே போய்வந்த படம்

என் பிள்ளைகளுக்கு,

உங்கள் பெரியப்பா சாவகச்சேரியில் பிறந்தவர். எங்கள் ஐயா காலமானபோது அவருக்குப் பதினாறு வயது. படிப்பை விட்டுக் கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு ஸ்டூடியோவில் கூட்டித் துடைத்து, தொழில் பழகி, என்னைப் பத்தாம் வகுப்பு வரை படிப்பித்தார். பிறகு வெள்ளவத்தையில் சொந்தமாக ஸ்டூடியோக் கடை போட்டார்; நானும் அவரோடு கடையில் நின்றேன். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்றை எழுதுகிறேன்.

சமாதானம் முறிந்து மறுபடி சண்டை தொடங்கியிருந்த நேரம். தங்கியிருந்த லொட்ஜில் இருந்து பிடித்துக்கொண்டு போய்த் திரும்பி வராத மகனைத் தேடி ஓர் அம்மா கடைக்கு வந்தார். மறுநாள் காணாமல்போனவர்களைப் பற்றிய விசாரணையாம். பாஸ்போர்ட் அளவுப் படத்தை ஒருவரும் நின்று பார்ப்பதில்லை, பெருப்பித்துத் தாருங்கள் என்றார். அப்படிப் பெருப்பித்துக் கொடுத்த கடைகளையே பொலிஸ் தேடி வந்த நாட்கள் அவை. கடதாசி மழையில் ஊறிவிடும், பளபளப்பான படத்தில் வெளிச்சம் பட்டால் முகம் தெரியாது என்று பெரியப்பா மினுக்கமில்லாத பொலியெஸ்டர் ஷீட் ஒன்றை எடுத்தார். சரக்கு வராத காலம். கடையில் இருந்த கடைசி ஷீட் அதுதான்.

படம் அச்சடிக்கும் எங்கள் மெஷின் ஷீட்டை மூன்று தரம் உள்ளே இழுக்கும். முதலில் மஞ்சள், பிறகு சிவப்பு, கடைசியாக நீலம். நீலம் ஏறினால்தான் முகம் துலங்கும்.

மஞ்சளோடு வெளியே வந்ததை அந்த அம்மா எட்டிப் பார்த்தார்.

"தம்பி, முகமெல்லாம் மஞ்சளாய், பிள்ளைக்குச் செங்கமாரி வந்த மாதிரிக் கிடக்கு."

"பொறுங்கோ அம்மா. இன்னும் ரெண்டு தரம் போய்வரட்டும்."

அப்போது வாசலில் ஜீப் நின்றது. ஓர் அதிகாரியும் இரண்டு பொலிஸ்காரரும் உள்ளே வந்து அடையாள அட்டைகளைக் கேட்டார்கள். மெஷின் சிவப்புக்கு ஷீட்டை இழுத்தது. நான் பெரியப்பாவின் காதோடு சொன்னேன்.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ. முகம் வந்தா எங்கட கதை முடிஞ்சுது."

"நிப்பாட்டினா ஷீட் பழுதாப் போயிடும்."

"உங்களுக்கென்ன விசரே?"

என் கை சுவிட்சுக்குப் போனது. அவர் அதைத் தட்டிவிட்டார்.

நீலமும் ஏறிப் படம் வெளியே வந்தது. "மே கவுத?" யாரென்று கேட்டார் அதிகாரி. கலியாண வீட்டுப் படம் என்று சொல்லியிருக்கலாம். பெரியப்பா, இந்த அம்மாவின் மகன், காணவில்லை, அம்மா தேடுகிறார் என்று சிங்களத்தில் நேராகச் சொன்னார். அதிகாரி படத்தில் கை வைக்கப் போனபோது, "ஓரத்தில் பிடியுங்கள் சேர். முகத்தில் விரல் பட்டால் அடையாளம் விழும்" என்றும் சொன்னார்.

அதிகாரி அவரை ஒருதரம் பார்த்துவிட்டு, இரண்டு ஓரமும் பிடித்துத் தூக்கினார். நெடுநேரம் பார்த்தார். அந்த அம்மாவிடம் கொடுத்தார். பிறகு பெரியப்பாவை ஜீப்பில் ஏறச் சொன்னார்.

நாலாம் நாள் விட்டார்கள். அதன்பிறகு அவருக்கு இடது காது கேட்கவில்லை. ரீவியைச் சத்தமாக வைக்கிறார் என்று நீங்கள் சண்டை பிடிப்பீர்கள். காரணம் அதுதான். நான் சுவிட்சுக்குக் கை நீட்டியதை அவர் சாகும் வரை ஒருவரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லிக்காட்டவில்லை.

பொலிஸில் கையெழுத்து வைத்து அவரை மீட்ட பக்கத்துக் கடை முஸ்லிம் நானாவுக்கும், கடைசி நோயில் ஆஸ்பத்திரியில் மாறிமாறி நின்ற உறவினருக்கும், செத்தவீட்டில் தோள் கொடுத்த அயலவருக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். விசாரணைக்கு அந்தப் படத்தோடு போய்வந்து, பெரியப்பா உள்ளே இருந்த மிச்ச நாளெல்லாம் பொலிஸ் வாசலில் என்னோடு இருந்த அந்த அம்மாவுக்கும்தான். அவருடைய மகன் இன்னும் வரவில்லை. அவரை எங்கே கண்டாலும் எழும்பி நின்று கதையுங்கள், பிள்ளைகளே.

உங்கள் அப்பா