மருதாள் வீட்டுத் தூங்குமூஞ்சி மரம்

மருதாள் ஒரு பனியனைத் தூக்கி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தாள் என்றால் தையல்காரர்கள் மிஷினை நிறுத்திவிட்டு அவளைத்தான் பார்ப்பார்கள். ஓட்டை, விட்ட தையல், எண்ணெய்க் கறை, எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. கண்ட இடத்தில் அம்புக்குறி போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி எறிவாள். குன்னத்தூர்ப் பக்கம் காட்டுக்கூலி வீட்டில் பிறந்து, எண்பத்தொன்றில் பஸ் ஏறி வந்து பனியன் கம்பெனியில் மடிக்கச் சேர்ந்தவள், நாலே வருஷத்தில் செக்கிங் மேசைக்கு வந்துவிட்டாள்.

அப்படிப்பட்டவள் சொந்த வீட்டு விஷயத்தில் கோட்டை விட்டதுதான் வேடிக்கை. வீரபாண்டியில் இடம் பார்க்கப் போனபோது அங்கே குடை பிடித்த மாதிரி ஒரு தூங்குமூஞ்சி மரம் நின்றது. சித்திரை வெயிலில் அந்த நிழலைக் கண்டதும் மனசைப் பறிகொடுத்துவிட்டாள். மரத்திலிருந்து இரண்டே முழம் தள்ளிச் சுவரை எழுப்பச் சொன்னாள். ஓட்டுக்கூரை, ஒரு அறை, ஒரு அடுப்படி. ஏழு வருஷ ஓவர்டைம் அத்தனையும் அதில்தான் இருந்தது.

ஐந்தாம் வருஷம் வேர் தரையைத் தூக்கியது. அடுப்படிச் சுவரில் வெடிப்பு விட்டது. மருதாள் கம்பெனி ஸ்டிக்கர் ஒன்றைக் கொண்டுவந்து வெடிப்பு முடிகிற இடத்தில் ஒட்டினாள். அடுத்த மாதம் வெடிப்பு அதைத் தாண்டிப் போயிருந்தது. இன்னொன்று ஒட்டினாள். தொண்ணூற்று மூன்று ஆவணியில் சுவரில் பதினோரு அம்புகள். மரமும் கூரைப் பக்கமாகச் சாயத் தொடங்கிவிட்டது. ஐப்பசி மழை பிடித்தால் வீடு போச்சு.

"வெட்டிப் போடலாமுங்க" என்றாள்.

புருஷன் செங்கோட்டையன் சாயப்பட்டறையில் வேலை செய்பவன். பரம சாது. அன்றைக்கு மட்டும் முறுக்கிக்கொண்டான். "வெட்டறேன்னு போயி ஊட்டு மேலயே சாச்சுப்போடுவே. நெழலா இருக்கறதை ஏன் புள்ள நோண்டறே?"

"ஒரு ஓடு ஒடையாது. பாத்துக்கங்க!"

மூலனூரிலிருந்து மரம் வெட்டுகிற மணியன் ஆட்களோடு வந்தான். சனிக்கிழமை அடிமரத்தில் சூடம் கொளுத்தி, "மரத்துல குடியிருக்கறவங்க வேற எடம் பாத்துக்கங்க சாமி" என்று கும்பிட்டுவிட்டுக் கிளைகளைக் கழித்தான். ஞாயிற்றுக்கிழமை அடியில் வெட்டு. மரத்தை எதிரே கிடந்த தரிசுக் காட்டுப் பக்கம் இழுத்துச் சாய்க்க வேண்டும். இழுக்க ஆளுக்கா பஞ்சம்? செக்கிங் பெண்கள் இருபது பேர் டிபன் பாக்ஸோடு வந்து இறங்கிவிட்டார்கள்.

மரத்தின் உச்சியில் கட்டிய கயிறுதான் எட்டவில்லை. "இந்த நீளத்துக்கு நின்னா மரம் உங்க தலை மேலதான் உழுகும் அம்மிணி" என்றான் மணியன்.

மருதாளுக்கா யோசனை வராது! கம்பெனியில் கழித்துப்போட்ட துணி ரோல் ஒன்று வீட்டில் கிடந்தது. கழுத்துக்கும் கைக்கும் வைத்துத் தைக்கிற ரிப் துணி. இருந்ததிலேயே தடிமன் அதுதான். அதை மூன்றாகப் பின்னி, முறுக்கி, கயிற்றின் நுனியில் முடிந்தாள். "லாரியையே இழுக்கும் பாருங்கண்ணா!"

செங்கோட்டையனுக்கு நம்பிக்கை இல்லை. பானை, பெட்டி, கட்டில், சாமி படம் என்று வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக வெளியே தூக்கிவந்து அடுக்கினான். மருதாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பத்து மணிக்கு, அடிமரத்தை முக்கால்வாசி வெட்டிவிட்டு மணியன் குரல் கொடுத்தான். "இழுங்க!"

இழுத்தார்கள். பத்தடி பின்னால் போனார்கள். இன்னும் பத்தடி போனார்கள். துணி நீண்டதே தவிர மரம் அசையவில்லை. ஒருத்தி சிரிக்க, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கழுத்தில் போட்டால் தலை நுழைய விரிகிற துணி, இழுத்தால் நீளாமல் என்ன செய்யும்? தினம் ஆயிரம் பீஸ் இழுத்துப் பார்க்கிற மருதாளுக்கு அது தோன்றவில்லை பாருங்கள்!

அந்த நேரம் பார்த்துக் காற்று அடித்தது. மரம் முனகியது. வீட்டுப் பக்கம் ஒரு சாண் சாய்ந்தது. "அய்யோ, வெட்டு பொளக்குது!" என்று மணியன் அலறினான். சிரிப்பு நின்றுபோயிற்று.

மருதாள் கையில் இருந்த துணியைப் பார்த்தாள். ரிப் எவ்வளவு நீளும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு எல்லைக்கு மேல் நீளாது. ஆனால் பழைய அளவுக்குத் திரும்ப இழுத்துக்கொண்டே இருக்கும்.

"விடாதீங்கடி! இன்னும் பின்னால போங்க! காட்டுல நிக்கற அந்தப் பனைமரம் வரைக்கும்!"

இருபது பேரும் குதிகாலை மண்ணில் ஊன்றி, மூச்சுப் பிடித்துப் போனார்கள். மணிக்கட்டுத் தடிமனாக இருந்த துணி குச்சியாக ஒடுங்கி விண்ணென்று நின்றது. இனி ஒரு அங்குலம் வராது. மருதாள் ஓடிப்போய் நுனியைப் பனையில் மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கினாள். இப்போது ஆள் இழுக்க வேண்டியதில்லை. துணியே இழுத்தது, ஓயாமல், விடாமல். சாய்ந்த மரம் மெல்ல நிமிர்ந்தது.

"வெட்டுங்கண்ணா!"

நாலு வெட்டுத்தான். மரம் ஒரு கணம் யோசித்தது. பிறகு கிர்ரென்று கத்திக்கொண்டு தரிசுக் காட்டில் போய் விழுந்தது. தரை அதிர்ந்தது. புழுதி அடங்குவதற்குள் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு குதித்தார்கள். மருதாள் தலைமுடியெல்லாம் தூசியோடு நின்று ஓவென்று அழுதாள். சந்தோஷம் தாங்கவில்லை.

அழுது முடித்ததும் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஸ்டிக்கர் தாளை எடுத்து வீட்டைச் சுற்றி வந்தாள். சுவர், நிலை, ஜன்னல், ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு ஓடாகப் பார்த்தாள். செக்கிங்காரி செக்கிங்காரிதான். புதிதாக ஒட்ட ஓர் இடம் இல்லை. பதினோராவது அம்பை வெடிப்பு தாண்டவில்லை.

செங்கோட்டையன் சாமி படத்தை அணைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தான், உள்ளே கொண்டுபோகலாமா என்று கேட்கத் தைரியம் இல்லாமல். மருதாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். ஒரு சிவப்பு ஸ்டிக்கரைப் பிய்த்து அவன் சட்டைப் பையின் மேல் ஒட்டினாள்.

"இந்த ஊட்டுல டேமேஜ் இது ஒன்னுதானுங்க."

பெண்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். செங்கோட்டையன் குனிந்து அந்த அம்பைப் பார்த்தான். பிய்த்து எறியவில்லை. சாமான்களை ஒவ்வொன்றாகத் திரும்பத் தூக்கி வைத்தான். மறுநாள் காலையில், சட்டை மாற்றியவன், அதைப் பழைய சட்டையிலிருந்து பக்குவமாக எடுத்துப் புதுச் சட்டையில் ஒட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனான். கேட்டவர்களுக்கெல்லாம், "எம்பட ஊட்டுக்காரி ஒட்டினதுங்க" என்று சொன்னான்.