சுலைகாவின் அரிசிக் கப்பல்

சென்ற செவ்வாய்க்கிழமை மதியம் புக்கிட் பாருவிலிருந்து சுலைகாவின் கடைசி மகன் அழைத்தான். "பெரியம்மா, உம்மா மௌத்தாயிட்டாங்க. அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்." நான் போனபோது வாசல் கொள்ளாத கூட்டம். என் கணவர் இறந்தபோது இத்தனை பேர் வரவில்லையே என்றுதான் முதலில் நினைத்தேன். அவளை அறிந்த உங்களிடம் இதை மறைப்பானேன்?

கான்வென்ட்டில் நாங்கள் ஒரே வகுப்பு. வரலாறு கற்பித்த பிரெஞ்சு சிஸ்டர், அந்தக் காலத்தில் தம் ஊரிலிருந்து பாய்க்கப்பலில் கிளம்பியவர்களைப் பற்றிச் சொல்வார். அவர்கள் கடற்கொள்ளையர் அல்லர்; எதிரி நாட்டு வணிகக் கப்பல்களைப் பிடிக்க அரசனிடம் அனுமதிக் கடிதம் பெற்றவர்கள். நான் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டேன். சுலைகா சன்னலைப் பார்த்தபடி கேட்பாள். பரீட்சையில் நான் முதலாவது. ஆனால் சின்ன வகுப்புகளுக்கு அந்தக் கதையைச் சொல்ல சிஸ்டர் அனுப்பியது அவளைத்தான்.

ஜப்பான்காரர்கள் வந்தார்கள், பள்ளி மூடியது. காஜா பேராங்கில் அரிசிக்கு வரிசையில் நிற்போம். பல நாள் மரவள்ளிக்கிழங்குதான் கிடைக்கும். தமிழ் மறந்து மலாய் மட்டுமே பேசும் கம்போங் செட்டிப் பெண்களுக்கும் புரியும்படி சுலைகா மலாயில் கதை சொல்வாள். அவள் கதையில், பிடிபட்ட ஆங்கிலக் கப்பலின் அடித்தட்டு நிறைய அரிசி மூட்டைகள்.

"பட்டுடி. சிஸ்டர் பட்டுன்னுதான் சொன்னாங்க," என்றேன்.

பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா திரும்பினார். "டீச்சரம்மா, உன் கப்பல்ல சோறு இல்ல. அவ கப்பல்ல இருக்கு. கொஞ்சம் சும்மா இரு."

எல்லோரும் சிரித்தார்கள்.

வெள்ளைக்காரன் கப்பல் பிடிபடும் கதை என்று உடனிருந்த மொழிபெயர்ப்பாளன் சொன்னதும், காவலுக்கு நின்ற ஜப்பான் சிப்பாய்க்கும் அது பிடித்துப்போனது. ஒருநாள் அருகில் வந்து கேட்டுக் கைதட்டினான். எனக்குப் பொறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டே, "ஆனா அடுத்த மாசமே இங்கிலீஷ்காரங்க வந்து கப்பல மீட்டுட்டாங்க," என்று மலாயில் சொன்னேன். வரலாறு அதுதான்.

மொழிபெயர்ப்பாளன் அதையும் சொன்னான். சிப்பாயின் முகம் மாறியது. யார் பேசியது என்று கேட்டான்.

"நான்தான்," என்றாள் சுலைகா. "என் கதைதானே."

அவன் அறைந்ததில் அவள் இடது காதிலிருந்து ரத்தம் வந்தது. மாலை வரை வெயிலில் மண்டியிட வைத்தான். நான் கிழங்கை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் முதல் பெண்கள் அவளை வரிசையின் முன்னால் நிறுத்தினார்கள். அதையும் நான் பொறாமையோடுதான் பார்த்தேன். அவளுக்கு அது தெரிந்தது. "உனக்கும் ஒரு அறை வாங்கித் தரட்டுமாடி?" என்று சிரித்தாள்.

தன் இடது காது பிறவியிலேயே மந்தம் என்று உங்கள் எல்லோரிடமும் சொல்லியிருப்பாள். அது பொய். என் பெயர் வெளியே வராமலிருக்க, பிள்ளைகளிடம்கூட அப்படியே சொல்லிவந்தாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் ஊர் முழுக்கச் சொல்லியிருப்பேன். கதை சொல்லும் திறமையைவிட இதற்காகத்தான் அவள்மேல் எனக்குத் தீராத பொறாமை.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, சிப்பாய் கேட்டபோது அவள் சொன்ன ஒரே ஒரு சொல். அன்று என் வாயிலிருந்து வந்திருக்க வேண்டியது. இங்கிலீஷ்காரர்கள் மீட்டார்கள் என்று சொன்னது நான்தான்.