வடையோடு போன பிரதிநிதி

யாழ்ப்பாணத்தில் குடியியல் படிப்பித்த காலத்தில் ஒரு விஷயத்தை ஒவ்வொரு வருடமும் சொல்லிக்கொடுப்பேன். அமெரிக்காவில், இன்னும் மாநிலமாகாத பிரதேசம் நாட்டின் சட்டசபைக்கு ஒரு பிரதிநிதியை அனுப்பலாம். அவர் பேசலாம், வாக்களிக்க முடியாது. பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், நான் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். அந்த மனிதர் அங்கே உட்கார்ந்து என்ன பாடு பட்டிருப்பார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. எண்பதுகளின் நடுவில் டென்மார்க் என்னை அதே கதிரையில் கொண்டுபோய் இருத்தியது.

ஹேர்னிங் நகரத்துக்கு வெளியே ஒரு பழைய விடுதியை அகதி முகாமாக்கி எங்களை வைத்திருந்தார்கள். விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை வேலைக்குப் போக முடியாது, வேறெங்கும் குடியிருக்கவும் முடியாது. கதவு பூட்டியிருக்கவில்லை. திறந்துகொண்டு போனால் வயல், அதற்கப்பால் இன்னொரு வயல். மாதத்துக்கு ஒருமுறை முகாமின் நிர்வாகக் கூட்டம் நடக்கும். எங்கள் சார்பில் ஒருவர் போகலாம், பேசலாம், வாக்கு மட்டும் கிடையாது. இங்கிலீஷ் தெரிந்த ரீச்சர் என்று எல்லாரும் சேர்ந்து என்னைத் தள்ளிவிட்டார்கள்.

அப்போது என்னோடு வந்திருந்த தங்கை பிள்ளைத்தாய்ச்சி. புருஷன் இன்னும் கொழும்பில். முகாமில் தருகிற அவித்த உருளைக்கிழங்கும் மண்ணிறக் குழம்பும் மூக்குக்கு எட்டினாலே சத்தி எடுப்பாள். கன்னம் ஒட்டிப்போய்விட்டது. அவள் வயிற்றில் தங்கியது ஒன்றுதான்: பக்கத்து அறை மாமி ஒளித்து வைத்திருந்த மின்னடுப்பில் ஆக்கிய சோறும் ரசமும். அறையில் சமைக்கத் தடை. கதவடியில் ஈரத் துவாயைச் செருகி, பனி கொட்டினாலும் ஜன்னலைத் திறந்து வைத்துச் சமைப்போம். எத்தனை நாளைக்குக் கள்ளர் மாதிரிச் சோறாக்குவது? கீழ்த்தளத்தில் அடுப்போடு சும்மா கிடந்த பழைய குசினியை எங்களுக்குத் திறந்துவிடும்படி கேட்க முடிவெடுத்தோம்.

கூட்டத்துக்கு நான் வெளிக்கிடும்போது மாமி மறித்தார்.

"காரியம் கேக்கப் போறாய் பிள்ளை, வெறுங்கையோடையே போறது? வடை சுட்டனான். கொண்டு போ."

மாமி சொன்னது நியாயம்தானே. எங்கள் ஊரில் கிராம அதிகாரியான விதானையாரைப் பார்க்கப் போனாலும் ஒரு சீப்பு வாழைப்பழமாவது கொண்டுபோவோம். தட்டை வாங்கிக்கொண்டு போனேன். படித்தவள், படியாதவள், ஒருத்திக்கும் மண்டையில் பொறி தட்டவில்லை.

கூட்டத்தில் வடைக்கு நல்ல வரவேற்பு. முகாம் பொறுப்பாளர் இரண்டாவதும் எடுத்தார். நான் தங்கையின் நிலைமையைச் சொல்லிக் குசினியைக் கேட்டேன். ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். குசினி கிடைத்த மாதிரித்தான் என்று நினைத்தேன். அப்போது சமையல்கூடத் தலைவி, இன்னும் சூடாக இருக்கிறதே, இதை எங்கே செய்தீர்கள் என்று கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, செய்முறை அறிகிற ஆசையில்தான் கேட்டாள். நான் வாயைத் திறந்தேன், மூடினேன். அதுவே பதிலாகிவிட்டது.

பிறகு பேச்செல்லாம் நெருப்பைப் பற்றித்தான். இரக்கமாகத்தான் பேசினார்கள், அதுதான் இன்னும் எரிச்சல். இப்படி விதி மீறுகிறவர்களிடம் குசினியைக் கொடுக்க முடியாது, அறைகளைப் பார்த்து அடுப்புகளை எடுக்க வேண்டும் என்று தீர்மானம் வந்தது. ஆதரிப்பவர்கள் கை தூக்கினார்கள். சில விரல்களில் வடை எண்ணெய் மினுங்கியது. எதிர்ப்பவர்கள் யார் என்று பொறுப்பாளர் கேட்டதும், என்னை அறியாமல் என் கை மேலே போய்விட்டது.

அவர் அன்பாக என் பக்கம் திரும்பினார்.

"இன்னும் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?"

இல்லை என்று தலையாட்டிவிட்டுக் கையை இறக்கினேன்.

அன்று பின்னேரமே மின்னடுப்பு போய்விட்டது. சாப்பாட்டுக்கூடத்தில் தங்கை கிழங்குத் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, நீ ஒண்டும் சொல்லேல்லையே?"

"எல்லாம் சொன்னனான்."

"பிறகு?"

"பிறகு அவையள் கையைத் தூக்கினவை."

அவள் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மற்றக் கையால் கிழங்கை எடுத்து வாயில் வைத்தாள்.