சிங்கப்பூர் வெள்ளிக்காசு

வாப்பா சிங்கப்பூர் மளிகைக்கடை வேலையை விட்டுத் திரும்பியபோது கொண்டுவந்தவை ஒரு ரேடியோ, இரண்டு குடை, ஒரு வெள்ளிக்காசு. அக்கம்பக்கத்து நாடுகள் ஐந்து சேர்ந்து, வியாபாரத்தில் ஒத்துழைத்துப் பத்து வருடம் ஆனதற்காக அங்கே அடித்த காசு அது. பழவேற்காட்டில் அதைப் பார்க்காத ஆள் கிடையாது. பார்க்கக் கேட்ட ஆளும் கிடையாது.

வாப்பாவுக்கு ஏரிக்காரர்களோடு சேர வேண்டும் என்று ஆசை. அவர்கள் "இன்னா பாய்" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விடுவார்கள். ஏரியில் எந்தக் குப்பம் என்றைக்கு எங்கே வலை போடுவது என்ற முறைக்குப் பாடு என்று பெயர். அந்தப் பேச்சில் வலையே இல்லாதவருக்கு என்ன வேலை?

ஒரு வருடம் இறால் ஏறியபோது, முதல் நாள் யாருக்கு என்று இரண்டு குப்பங்களுக்குள் தகராறு. காசு சுண்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. யார் காசு என்று அடுத்த தகராறு. கடைசியில் இரண்டு குப்பத்துப் பெரியவர்களும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

"உன் சிங்கப்பூர் காசு இருக்குதுல்ல பாய்? அது எங்க ரெண்டு பேருக்கும் சொந்தமில்ல. நீயே வந்து சுண்டு."

வாப்பா சட்டை மாற்றி வருவதற்குள் ஒரு கல்யாணமே முடிந்திருக்கும்.

நானும் கரைக்குப் போனேன். பெருமையில் கொஞ்சம் உயரமாகவே சுண்டிவிட்டார். காசு ஏரியில் விழுந்தது.

எல்லாரும் இறங்கிச் சேற்றைத் துழாவினார்கள். வலை போட்டு அரிக்கலாம் என்றார் ஒருவர். யார் வலை என்று பேச்சு கிளம்பவே, இரண்டு குப்பத்து வலையையும் சேர்த்துக் கட்டி இழுத்தார்கள். இறால் வந்தது. காசு வரவில்லை. இறாலைப் பங்கு போட்டபோது வாப்பாவுக்கும் ஒரு பங்கு வைத்தார்கள்.

"வெள்ளி போச்சே" என்று உம்மா புலம்பினாள்.

"போவட்டும். எனக்கும் பங்கு வெச்சாங்க, பாத்தியா?" என்றார் வாப்பா. அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

அடுத்த வருடம் இறால் ஏறிய அன்று விடிந்ததும் குளித்துவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இரண்டு குப்பமும் தாங்களாகவே வலையைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டன. எனக்குத் தெரியும். சொல்ல மனம் வரவில்லை.

மதியம் உள்ளே வந்தார்.

"சண்ட கிண்ட ஒண்ணும் இல்லியாம்மா?"

"இல்ல வாப்பா."

"நல்லதுதான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.